துளையில்லாத காது

1

முந்தாநாள் என் குடியிருப்பு அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. கதவிடுக்கு வழியாக விழுந்து தரையில் கிடந்தது. இந்த நாட்டில் தபால்காரரின் முகம் தெரியாது, கடிதம் விழுகிற சத்தம்தான் தெரியும். உறையைப் பிரித்தேன். என் படம், என் பெயர், இன்ன தேதிவரை இங்கே இருக்கலாம் என்கிற அனுமதி. எல்லாம் சரியாக இருந்தது. காலம்தான் சரியாக இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடியிருப்பேன்.

"அட்டை வந்துட்டா? இனி நீ எங்க வேணும்னாலும் போயிட்டு வரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஹோட்டல் அடுப்படியில் நின்று வதக்கின வெங்காய வாசம் சட்டையெல்லாம் அடித்தது.

"எங்க போக?" என்றேன்.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் வாசிக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம், இப்போது இருப்பது அயர்லாந்தின் மேற்கே மழை ஓயாத ஒரு சின்ன ஊர். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. வீட்டுக்காரர் இந்தியச் சாப்பாட்டு ஹோட்டலில் சமையல்காரர். நான் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள், பெயர் கிருபா. டப்ளினில் தங்கிப் படிக்கிறாள்.

அட்டை ஏன் தாமதமானது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பெயர். அம்மா வைத்தது கோதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்கு நாலு கோதை இருப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்தபோது சபையில் வைத்தது லீதியாள். பாஸ்போர்ட்டில் கோதை. வீட்டுக்காரர் வாயிலும் விசுவாசிகள் வாயிலும் லீதியாள். அட்டையைப் புதுப்பிக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருமுன், நல்லபடியாக முடியவேண்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஜெபித்த வேகத்தில் போய் லீதியாள் என்று அடித்துவிட்டேன். இந்தப் பெண் யார் என்று அவர்கள் கேட்டார்கள். நான்தான் அவள் என்று எழுதினேன். அதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். கர்த்தருக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? கடிதம் போவதும் வருவதுமாக இருக்கும்போதே பழைய அட்டையின் தேதி முடிந்துவிட்டது. புதியது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்காரரும் மகளும் முன்பே இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஊர்ப் பாஸ்போர்ட்டை விட மனசு வரவில்லை.

2

எங்கள் இல்லத்தில் மேரிவிக் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வேலை செய்கிறாள். என்னை 'ஆத்தே' என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தமாம். முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கம் பாம்பைக் கண்டால்தான் ஆத்தே என்போம்.

ஒரு நாள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறேன், ஓடி வந்தாள்.

"ஆத்தே! ஆத்தே! இது உன் மகள்தானே?"

அவள் போனில் ஒரு படம். தலையில் கிரீடம், தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் இந்த நாட்டின் பெயர். முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

"அவள்தான்" என்றேன்.

"நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?" என்று மேரிவிக் என் தோளில் அடித்தாள்.

எனக்கே தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மழுப்பலாகச் சிரித்து வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கிருபா கூப்பிட்டாள். கல்லூரித் தோழி ஒருத்தி பேர் கொடுத்துவிட்டாளாம். முதலில் மாவட்ட அளவில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்ததாம். மாவட்டத்துக்கு ஒருத்தியாக டப்ளினில் கூட்டி, அதிலே ஒருத்தியைப் பொறுக்கினார்களாம். அந்த ஒருத்திதான் உலக நாடுகள் எல்லாம் கூடுகிற போட்டிக்குப் போவாள். இந்த வருசம் அது பிலிப்பைன்ஸில் நடக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாட்டி?"

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன். ஜெயிக்க மாட்டேன்னு நெனச்சேன். தோத்துட்டா சொல்லவே வேண்டாம்ல."

போனை வைத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தோற்றிருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்படி என்றால் இதுவரை எத்தனை தோல்வியை எனக்குச் சொல்லாமல் அங்கே தனியாக விழுங்கினாளோ.

நீச்சல் உடையில் நிற்கச் சொல்வார்களா என்று மகளிடம் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் மேரிவிக்கிடம் கேட்டேன். இந்தப் போட்டியில் அதை எடுத்துவிட்டார்கள் என்றாள். டிரையர் சத்தத்துக்குள் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

3

என் காதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற மில்லுக்கு வேலைக்குப் போனேன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். கூட வேலை செய்த அக்கா ஒருத்தி ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. அதற்குமேல் விளக்கிச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. தேவதானத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், பம்புசெட் தொட்டியில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் நகை போடுவதில்லை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் நானே கம்மலைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா வெள்ளி தவறாமல் ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவள். கம்மலை வாங்கிக்கொண்டு என் காதையே செத்த நேரம் பார்த்தாள்.

"மூளிக் காதோட எவன்ட்டி ஒன்னக் கட்டுவான்?" என்றாள். அவ்வளவுதான். அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பின்னால் அந்தக் கம்மல் என் தம்பி மகளுக்குப் போயிற்று.

பஸ்ஸில் ஏறினால் என் காதைத்தான் பார்ப்பார்கள். "பச்சப்பிள்ள, அதுக்குள்ளயா புருசன் போயிட்டான்?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்கலங்கினாள். கல்யாணமே ஆகவில்லை என்றேன். "அல்லேலூயா வீடு போலுக்கு" என்று பின் சீட்டில் ஒருத்தி சிரித்தாள். மளிகைக் கடைக்காரர் "வாங்க அல்லேலூயாம்மா" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கெல்லாம் எரிச்சலாக வரும். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்தில் என் காதைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இங்கே யாருக்கும் அது ஒரு சேதி இல்லை. கேலி செய்யவாவது ஆள் வேண்டும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் இருந்தேன். மாமியார் உறுதியான விசுவாசி. அம்மா மாதம் ஒருமுறை என்னைப் பார்க்க பஸ் ஏறி வருவாள். நெற்றியில் எப்போதும் குங்குமம் வைத்திருக்கிற அம்மா, எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் வெறும் நெற்றியாக வருவாள். ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போதுதான் பார்த்தேன். தெருமுனை அடிபம்பில் முந்தானையை நனைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நிற்கும்போது அந்த இடம் கொஞ்சம் சிவந்தே இருக்கும். சம்பந்தி வீட்டில் எனக்கு ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று அவளாகச் செய்தது. திரும்பிப் போகும்போது முந்தானை முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்து மறுபடி வைத்துக்கொள்வாள்.

அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. கதவைத் திறந்ததும் "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்பேன்.

அம்மா இப்போது இல்லை.

4

அழகிப் போட்டி என்றால் மேடையில் வந்து நடந்துவிட்டுப் போவது என்றுதான் நினைத்திருந்தேன். மேரிவிக் எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் நாட்டில் இது நம் ஊர்த் திருவிழா மாதிரியாம், தெருவே டிவி முன்னால் உட்காருமாம்.

"ஆத்தே, மேடையில் நடப்பது கடைசி. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் எல்லா நாட்டுப் பெண்களையும் ஒரே ஹோட்டலில் தங்க வைப்பார்கள். மூடின அறையில் நடுவர்கள் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பாதித் தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும்."

"என்ன கேட்பார்கள்?"

"நீ யார் என்று கேட்பார்கள்."

என்னைப் பெண் பார்க்க வ. புதுப்பட்டியிலிருந்து வந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் அந்த ஊர், ராஜபாளையத்துக்குக் குடிவந்தது பிறகுதான். வந்தவர்களில் ஒரு அம்மா, "அந்தச் செம்புல தண்ணி மொண்டுட்டு வா தாயி" என்றார். தாகத்துக்கு இல்லை, கால் ஊனமா என்று பார்க்க. பொறவு வேதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள், திக்குவாயா என்று பார்க்க. கடைசியில் மாமியார், "ஆராதனைக்குத் தவறாம போவியா?" என்று கேட்டார். போவேன் என்றேன். "நக வேணும்னு பின்னால கேக்க மாட்டியே?" மாட்டேன் என்றேன். அத்தோடு முடிந்தது. இதை மேரிவிக்கிடம் சொன்னபோது மடித்து வைத்த துண்டுகள் மேல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆத்தே, நீயும் பட்டம் வாங்கினவள்தான். கிரீடம்தான் கொடுக்கவில்லை" என்றாள்.

நானும் சிரித்தேன். இந்த நாட்டில் நான் சத்தம் போட்டுச் சிரித்த நாட்களில் அது ஒன்று.

5

எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு மத்தியானம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடும். கிருபாவின் படம் பேப்பரில் வந்த வாரம் நாங்கள் போனபோது எல்லோரும் அன்பாகத்தான் ஸ்தோத்திரம் சொன்னார்கள். "பிள்ளையப் பாத்தோம் சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நல்லது என்றோ கெட்டது என்றோ யாராவது சொல்லியிருந்தால் பேசியிருக்கலாம். என் பக்கத்து நாற்காலி அன்றைக்குக் காலியாக இருந்தது. தற்செயலாகக்கூட இருக்கலாம். அடுத்த வாரமும் காலியாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

"நான் அவளுக்காக ஜெபிக்கேன். நீ அவகிட்டப் பேசு."

"நீங்க பேசுனா என்ன?"

"நான் பேசுனா ஏசிருவேன் லீதியா. பொறவு அவ போன எடுக்கமாட்டா."

ஊரிலிருந்து தம்பி பெண்சாதி செண்பகம் கூப்பிட்டாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மதினி, மருமவ பேருக்கு நேத்து ஆண்டாள் சன்னதியில அர்ச்சனை பண்ணிட்டேன். கோவிச்சுக்கிடாதீய."

"பண்ணிட்டுல்லா சொல்லுத. இனி கோவிச்சு என்ன ஆவப்போவுது?"

"என்ன நட்சத்திரம்னு பட்டரு கேட்டாவ. நமக்கு எங்க தெரியும்? அயர்லாந்துன்னுட்டேன். அவியளும் செத்த நேரம் முழிச்சிட்டு அப்படியே சொல்லிட்டாவ."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, காதுல என்ன போடப்போறா?"

"ஒண்ணும் போடமாட்டா. அவ காதுல ஓட்டையே கிடையாதுல்லா."

"ஏ ஆத்தே! ஒலகமே பாக்கும், மூளிக் காதோடயா நிக்கப்போறா? நம்ம ஊர்த் தேரயே சுத்தித் துணித் தொம்பை தொங்கவிடாம இழுக்கமாட்டோமே மதினி."

"எம்பிள்ள என்ன தேராட்டி?"

"தேரா இல்லாமயா இம்புட்டுப் பேரு பாக்க வாராவ?"

போனை வைத்ததும் வீடு ரொம்பப் பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. ஜன்னலில் மழை.

6

போட்டிக்குப் புறப்படும் முந்தின வாரம் கிருபா பேசினாள். பச்சை நிறத்தில் இந்த நாட்டுப் பழங்கால மேலங்கி ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு நாட்டுப் பெண்ணும் அவரவர் நாட்டு உடையில் ஒருமுறை மேடைக்கு வரவேண்டும் என்றாள். நடக்கப் பழகிப் பழகிக் காலில் கொப்புளம் என்றாள். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, காது விசயம் ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"ஒரு நகைக் கம்பெனிதான் ஸ்பான்சர். ஃபைனல் அன்னைக்கு எல்லாரும் அவங்க கம்மல்தான் போடணுமாம். எனக்குத்தான் ஓட்டை இல்லையே, கவ்வுற மாதிரி ஒண்ணு தாரேங்கிறாங்க."

சின்ன வயசில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு ஒருமுறை அவள் காதில் பசையால் இரண்டு மணியை ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கர்த்தர் இந்தக் காத அழகாத்தான படைச்சிருக்காரு?" என்று கேட்டேன். அவளே பிய்த்து எறிந்தாள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டால் அவள் தூக்கி எறியப்போவது எதை என்றும் தெரியவில்லை.

"நீ பெரியவளாயிட்ட. கர்த்தர்கிட்டக் கேட்டுக்கோ" என்றேன்.

"உன்கிட்டதாம்மா கேக்கேன்."

"நான் பிலிப்பைன்ஸுக்கு வந்தா பேசிக்கிடலாம்."

அட்டை வந்துவிடும், அவளோடு இருந்து, தலைசீவி விட்டு, பக்கத்தில் வைத்துப் பேசலாம் என்று நான் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். தினமும் வேலை விட்டு வந்து கதவைத் திறந்ததும் தரையைத்தான் பார்ப்பேன். கரண்ட் பில், ஹோட்டல் விளம்பரம், இல்லையென்றால் வெறும் தரை. அட்டை வரவில்லை. அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள்.

கம்மல் என்றால் ஒரு கம்மல்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் அவளுக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். தமிழ் பாதி போய்விட்டது. ஞாயிறு ஆராதனை போய்விட்டது. என் கைச்சாப்பாடு போய்விட்டது. அந்தக் காது மட்டும் என் காது மாதிரியே இருந்தது.

7

அங்கே ராத்திரி என்றால் இங்கே மத்தியானம். மேரிவிக் தன் போனை இல்லத்தின் பொது ஹாலில் இருக்கிற பெரிய டிவியோடு இணைத்துவிட்டாள். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த கையோடு சக்கர நாற்காலிகளை எல்லாம் வரிசையாகத் திருப்பினோம். எங்கள் இல்லத்தில் இருக்கிற ஒரு வயசானவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதில் நம்ம பிள்ளை எது?" என்று கேட்டார். அவர் 'நம்ம' என்றதை மற்றவர்கள் யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

ஒவ்வொரு நாடாகப் பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கிருபா வந்தாள். பச்சை கவுன். முடியை உச்சிக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டு காதிலும் தோள்வரை தொங்கும் வெள்ளைக்கல்.

ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். மேரிவிக் கூவினாள். கூவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தவள், என் காதைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி என் காதைப் பார்த்தாள். கை தட்டுவதை நிறுத்திவிட்டாள். இந்த நாட்டில் என் காதைப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

"ஆத்தே..." என்றாள்.

"நல்லாயிருக்கா" என்றேன். தமிழில்தான் வந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தாள். செண்பகம் சொன்ன தேர் மாதிரி இருந்தாள். அவ்வளவு அழகான பிள்ளை என் வயிற்றில் பிறந்ததா என்று இருந்தது. அதே நேரத்தில் யாரோ கையை உதறிவிட்டுப் போன மாதிரியும் இருந்தது.

முதல் சுற்றில் தேறினவர்களின் பெயரை வாசித்தார்கள். வாசித்துக்கொண்டே போனார்கள். எங்கள் நாட்டின் பெயர் வரவில்லை. வராதவர்கள் எல்லோரும் மேடையின் பின்வரிசையில் நின்று மற்றவர்களுக்குக் கை தட்டவேண்டும், அதுதான் முறையாம். கேமரா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேடினேன். ஒரு ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டே கை தட்டினாள். தட்டும்போது கல் ஆடியது.

அவள் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வயசானவர் "போகட்டும், நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை" என்றார். எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் துணி வெளுக்கிற அறைக்குத் திரும்பினேன். சூடான விரிப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

போன் அடித்தது. கிருபா, வீடியோவில். பின்னால் ஏதோ அறை, யார் யாரோ சத்தம் போட்டுக்கொண்டு குறுக்கே போனார்கள். கண்ணிமையில் ஒட்டின முடி அப்படியே இருந்தது. கன்னத்துப் பூச்சு அப்படியே இருந்தது. தோளில் பட்டை அப்படியே இருந்தது. உச்சியில் கட்டின முடியை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தாள். அதை இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

"அம்மா, பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லாமா?"

"கை தட்டிக்கிட்டு நின்னல்லா, அதப் பாத்தேன்."

"தோத்துட்டேன்மா."

சொல்லிவிட்டு முகத்தை ஒரு பக்கம் திருப்பினாள். பிறகு இன்னொரு பக்கம் திருப்பினாள். யாரையோ தேடுகிறவள் மாதிரி. அங்கே தேடுவதற்கு யாரும் இல்லை. இரண்டு காது மடலிலும், கம்மல் கவ்வியிருந்த இடம், குங்குமம் துடைத்த மாதிரி சிவந்திருந்தது.

போனை இன்னும் கொஞ்சம் முகத்துக்குக் கிட்டே கொண்டு வந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.